தஞ்சைக் கல்லெழுத்தைத் தாளில் எடுத்தவர்

லிட்டில் இந்தியாவில் படங்களுக்குச் சட்டம் போடும் சிறிய கடை ஒன்றில் சென்ற ஆண்டு சனி, ஞாயிறுகளில் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே வரும் படங்கள் மூன்றே வகை. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம். கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் மூன்றாவது வகையில்தான் வரும். பொறியியல் படிக்கிறவன் கண்ணாடி வெட்டப் போகிறானே என்று விடுதி நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனால் கடைக்கார அண்ணனிடம் நான் கற்றுக்கொண்டவை சில விரிவுரைகளில்கூடக் கிடைக்காதவை. படத்தை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பார்த்தால் தாளின் மேடு பள்ளம் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. புள்ளியே இல்லாமல் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகி வெள்ளையில் கரைந்தால் அது இருட்டறையில் கழுவி எடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நீளமான சுருள் ஒன்றைக் கொண்டு வந்தார். மேசையில் விரித்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கற்சுவர். சுவர் முழுக்க எழுத்து. பழைய படம் ஒன்றின் நகல் அது. அடியில் தஞ்சாவூர் என்றும் 1858 என்றும், எடுத்தவர் பெயர் லின்னேயஸ் டிரைப் என்றும் இருந்தது. அண்ணன் அதை இரண்டு பக்கமும் கனமான அளவுகோல் வைத்து அழுத்திவிட்டு, தம்பி தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைதானே, என்ன எழுதியிருக்கிறது வாசி என்றார்.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கேயும் விடாமல் தமிழை எடுத்து, எஸ்பிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சியும் பெற்றவன். இங்கே நம் பேரவை நடத்தும் விவாத மேடையில் இரண்டு முறை பேசியவன். குனிந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. வரி எங்கே முடிகிறது, சொல் எங்கே பிரிகிறது என்றே தெரியவில்லை. ஏதோ ஒரு எழுத்தைக் காட்டி இது ட மாதிரி இருக்கிறது என்றேன். அண்ணன் பெருந்தன்மையாகப் பேச்சை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்தார். எனக்கு முகம் சுட்டது.

அந்தச் சூட்டில்தான் இந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன். எழுத்தை வாசிக்கத் தெரியாதவனுக்கு எழுத்தைப் படம் பிடித்தவர் கதையாவது தெரியட்டுமே என்றுதான். இனி அவர் கதை.

லின்னேயஸ் டிரைப் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்கே, கடற்படைத் துறைமுகமான டெவன்போர்ட்டில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது பிள்ளை. செடி கொடிகளையும் விலங்குகளையும் வகை பிரித்துப் பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் பெயர் இவருக்கும் இருந்தது. பெயர்ப் பொருத்தம் பின்னால் சரியாகத்தான் அமைந்தது. 1838ல், பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். நம்மில் பலர் அந்த வயதில் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு, 1839ல், பாரிஸில் தாகெர் என்பவரும் லண்டனில் டால்பட் என்பவரும் தனித்தனியே தங்கள் புகைப்பட முறைகளை உலகுக்கு அறிவித்தார்கள். ஆக, டிரைப்பின் உத்தியோகத்துக்கும் புகைப்படக் கலைக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனால் அவர் கேமராவைத் தொட்டதற்கு 1850கள் வரை எந்தச் சுவடும் இல்லை. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊர் திரும்பினார். 1851ல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தது. புகைப்படங்களும் அதில் இருந்தன. 1853ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது டிரைப் அந்த ஆண்டே உறுப்பினரானார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. கைவசம் இருந்தது ஒரு சிப்பாய் உத்தியோகமும் புதிதாய்ப் பிடித்த ஒரு பித்தும்.

அவர் தேர்ந்தெடுத்தது மெழுகுத் தாள் முறை. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1851ல் வெளியிட்ட முறை அது. நல்ல மெல்லிய தாளை உருகிய மெழுகில் தோய்த்து, அயோடைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பிறகு வெள்ளி நைட்ரேட்டில் முக்கினால் தாள் ஒளியை உணரத் தொடங்கும். அதே காலத்தில் கண்ணாடித் தகட்டு முறையும் வந்துவிட்டது. அதில் படம் இன்னும் கூர்மையாக விழும். ஆனால் தகட்டின் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். சித்திரை வெயிலில் அது நடக்கிற காரியமா? மெழுகுத் தாளை முன்கூட்டியே தயார் செய்து சில நாள் வைத்திருக்கலாம், எடுத்த பிறகு நிதானமாகக் கழுவலாம், உடையாது, கனமும் இல்லை. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை.

ஒரே ஒரு சங்கடம். படத்தைப் பெரிதாக்க வழியில்லை. தாள் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவுதான். எனவே டிரைப்பின் கேமரா ஏறத்தாழ பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலத் தாளை விழுங்கும் பெரிய பெட்டி. படம் பதிய நிமிடக் கணக்கில் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நிமிடங்களில் ஒரு காகம் பறந்தால் அது படத்தில் இல்லை. ஒருவர் நடந்தால் அவரும் இல்லை. நின்று திரும்பியவர் மட்டும் புகைபோலப் பதிவார்.

1854ல் இந்தியா திரும்பியவர், பெங்களூரில் படைப்பிரிவுக் கேப்டனாக இருந்துகொண்டே டிசம்பரில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855ல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவர் வைத்த படங்கள் 68. முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கம் அவர் தலையெழுத்தை மாற்றியது. அதே ஆண்டு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மிய அரசர் மிண்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். மூன்றாண்டுக்கு முன்தான் பர்மாவின் தென்பகுதியைப் போரில் பிடுங்கியிருந்தார்கள். நட்பு பேசப் போவதாகப் பெயர். நாட்டை நோட்டம் பார்ப்பதும் வேலைதான். அக்குழுவின் புகைப்படக்காரர் டிரைப். நோய்க்கும் மழைக்கும் பறிகொடுத்த நாட்கள் போக, 200க்கு மேற்பட்ட படங்களோடு திரும்பினார். அவற்றில் 120ஐத் தேர்ந்து, ஐம்பது தொகுதிகளாகப் படி எடுத்தார்கள். ஆறாயிரம் படிகள். ஒவ்வொன்றும் கையால்.

இந்த இடத்தில் அந்தப் படி எடுக்கும் வேலையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உப்பும் முட்டை வெள்ளைக் கருவும் மெலிதாகப் பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் மிதக்கவிட்டு உலர்த்த வேண்டும். அதன்மேல் மெழுகுத் தாளை வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைக்க வேண்டும். மேகம் மறைத்தால் நேரம் கூடும். சரியான பதம் வந்ததும் எடுத்து, தங்கக் கரைசலில் நிறம் ஏற்றி, ஹைப்போவில் நிலைநிறுத்தி, மணிக்கணக்கில் தண்ணீரில் அலச வேண்டும். அலசல் குறைந்தால் சில வருடங்களில் படம் மஞ்சளாகி வெளிறிவிடும். கறுப்பு வெள்ளை என்று நாம் சொல்கிறோமே தவிர, அந்தப் படங்களில் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. நிழல் ஊதா கலந்த பழுப்பு. வெளிச்சம் பழைய பாலாடையின் நிறம்.

முட்டை வெள்ளைக் கரு என்றதும் எனக்கு நம் நகரத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் நினைவுக்கு வந்தது. 1850களின் பிற்பகுதியில் இந்தியக் கைதிகள் கட்டியது அது. உட்சுவருக்குப் பூசிய சென்னைச் சுண்ணாம்பில் சிப்பிச் சுண்ணாம்பு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றோடு முட்டை வெள்ளையும் உண்டு. கடலுக்கு இந்தப் பக்கம் கைதிகள் முட்டை அடித்துச் சுவர் மெழுகிய அதே ஆண்டுகளில், அந்தப் பக்கம் டிரைப்பின் ஆட்கள் முட்டை அடித்துத் தாளுக்குப் பூசினார்கள். இரண்டு வேலைக்கும் எஜமான் ஒரே கம்பெனி.

பர்மாப் படங்களின் பலத்தில் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மாகாணத்தின் பழைய கட்டடங்கள் சிதைவதற்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது திட்டம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம். ஒரு ராணுவக் கேப்டன் கோபுரங்களைப் படம் பிடிக்கத் தெற்கே போகிறார்! ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றி 1858 ஏப்ரல் வாக்கில் சென்னை போய்ச் சேர்ந்தார். வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியற்காலையிலேயே வேலை.

மதுரைப் படங்களைப் பார்த்தால் நம் அப்பத்தாக்கள் சொன்ன மதுரை வேறு என்று தெரியும். திருமலை நாயக்கர் மகால் அப்போது பாழடைந்து கிடந்தது. கவர்னர் நேப்பியர் அதைப் பழுதுபார்த்தது அடுத்த பத்தாண்டில்தான். டிரைப்பின் படத்தில் தூண்கள் தனியே நின்று யாரையோ எதிர்பார்ப்பது போல் இருக்கும். வண்டியூர்த் தெப்பக்குளம் இருக்கிறது. வைகையின் குறுக்கே போட்ட கல் பாதை இருக்கிறது. கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு எழுப்பிய விளக்குத்தூணும் இருக்கிறது. அந்த விளக்குத்தூண் இன்றும் மதுரையில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர் அளவுக்குப் பழகிப்போன இடம். எல்லாம் இருக்கின்றன, ஆள் மட்டும் இல்லை. மூடியைத் திறந்து வைத்த நேரம் ஒரு காரணம். காலி இடமே அவருக்குப் பிடித்திருந்தது என்பதும் காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மதுரையில் ஆளில்லாத தெருவைப் பார்க்க எனக்கு ஒருவிதக் கோபம்கூட வந்தது. கம்பெனிக்கு வேண்டியது கட்டடங்கள்தானே, கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எதற்கு?

ஆள் இல்லாத அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு தமிழர் இருந்தார். ஐயாசாமி என்பது பெயர். அலெக்சாண்டர் ஹண்டர் 1850ல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் பயின்று டிரைப்புக்கு உதவியாளரானவர். பின்னாளில் அதே பள்ளியில் புகைப்படம் கற்றுக் கொடுத்தார். தொகுதிகளின் முகப்பில் பெரிதாக இருப்பது கேப்டன் பெயர். தாளுக்கு மெழுகு ஏற்றிய கைகளில் ஒன்றாவது நம்மூர்க் கை என்று நினைத்துக்கொண்டே அப்படங்களைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855ல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. மூன்றாண்டு கழித்து டிரைப் அங்கே போகிறார். பெரிய கோயிலைத் தூரத்திலிருந்தும் அருகிலிருந்தும் எடுத்தார். நந்தியை எடுத்தார். இதுவரை யாரும் எடுக்கக்கூடிய படங்கள். அதன் பிறகு செய்ததுதான் விசேஷம். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரிசை வரிசையாக வெட்டியிருந்த கல்லெழுத்துகளைத் துண்டு துண்டாக, வரிசை தப்பாமல் எடுத்தார். ஒரு துண்டு எடுத்ததும் பெட்டியைத் தூக்கி அதே தூரத்தில், அதே உயரத்தில், சுவரோடு ஒட்டி நகர்த்தி வைக்க வேண்டும். வெயிலின் சாய்வு மாறினால் எழுத்தின் நிழல் மாறும். அடுத்த துண்டு முந்தியதோடு சேராது. அப்படி எடுத்ததில் 21 படிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே படமாக்கினார். அதன் நீளம் 19 அடி. மூன்று பேர் கைகளை விரித்து வரிசையாக நின்றாலும் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். தேக்காவுக்கு வந்த சுருள் அதன் ஒரு பகுதியின் நகல்தான்.

அந்தக் காலத்தில் இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஊரில் உறுதியாக இல்லை. கரிகாலன் கட்டினான் என்றும் கிருமிகண்ட சோழன் கட்டினான் என்றும் கதைகள் இருந்தன. விடை சுவரிலேயே இருந்தது, வாசிப்பவர்தான் இல்லை. 1886ல் அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹூல்ஷ் அதை வாசித்தார். ராஜராஜன் கட்டியது என்று நிலைநாட்டினார். தஞ்சைக் கல்வெட்டுகள் 1891 முதல் அச்சில் வரத் தொடங்கின. டிரைப்பின் படம் அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு மூத்தது. வாசிப்பது அவர் வேலையில்லை. ஒரு எழுத்தும் விடாமல் கொண்டு போவதுதான் அவர் வேலை, அதைச் செய்தார். அந்தப் படத்தில் வானம் இல்லை, மரம் இல்லை, கோபுரம் இல்லை. கல்லும் எழுத்தும் மட்டும். கண்ணுக்கு அழகாக ஒன்றுமே இல்லாத அதைத்தான் அவர் எடுத்ததிலேயே சிறந்த படம் என்று நான் சொல்வேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் பர்மாப் படங்களைக் காட்டுவார்கள். அவர்களிடமும் நியாயம் உண்டு.

ஏனென்றால் பர்மாப் படங்களில் வானம் அற்புதமாக இருக்கும். பகோடாவுக்கு மேலே மேகக் கூட்டம். ஆனால் அந்த மேகம் பர்மாவில் மிதந்ததல்ல. அன்றைய வேதிப்பொருள்கள் நீலத்துக்கு மிகையாக மயங்கும். வானம் பதிந்தால் வெறும் வெளுப்பாகத்தான் விழும். டிரைப் தூரிகை எடுத்து மெழுகுத் தாளிலேயே மேகத்தைத் தீட்டினார். மரங்களுக்கு இலை கூட்டினார், நீரின் ஓரத்தைத் திருத்தினார். ஆவணம் என்று அரசு பணம் கொடுத்த படத்தில் கைச்சரக்கு! இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஏமாற்றம். அப்புறம் எங்கள் தாத்தாவின் கோட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரே ஒரு படம்தான். கறுப்பு வெள்ளை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அந்தப் படத்தில் கோட்டு போட்டிருப்பார். அது மடித்து வைத்த இடத்தில் கோடு விழுந்து, மூலையில் செல்லரித்திருக்கிறது. மாமா போன வருடம் அதைக் கைப்பேசியில் எடுத்து, ஏதோ செயலியில் போட்டு வண்ணமாக்கி அனுப்பினார். தாத்தாவுக்கு இளஞ்சிவப்புக் கன்னம், நீலக் கோட்டு. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டு வா என்று எனக்கு உத்தரவு. நான் அசல் படத்தைக் கேட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டு போனேன். அண்ணன் பூதக்கண்ணாடியை என்னிடமே நீட்டினார். கோட்டின் ஓரத்தில் மெல்லிய பென்சில் கோடுகள். புருவத்திலும் இரண்டு கீற்று. குளுவாங்கில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் ஒருவர் உட்கார்ந்து, மங்கிய இடத்தைக் கூர்மையாக்கியிருக்கிறார். டிரைப்பின் மேகமும் இந்தக் கோடும் எனக்கு அன்றைக்கு ஒன்றாகப் பட்டன. மாமாவின் செயலி போட்ட நீலம் மட்டும் ஏனோ அந்தக் கணக்கில் சேரவில்லை. அது யார் கையும் படாத நீலம்.

டிரைப்பின் கதையை முடிக்கிறேன். அவர் சுற்றுப்பயணப் படங்கள் 1858ல் ஊர்வாரியான தொகுதிகளாக வந்தன. சென்னை அருங்காட்சியகத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களையும் எடுத்தார். அச்சிற்பங்களில் பல 1859ல் கப்பலேறி லண்டன் போய்விட்டன. இன்று அவை இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில். புறப்படும் முன் அவை இங்கே எப்படி இருந்தன என்பதற்கு டிரைப்பின் படங்கள் சாட்சி. அதே 1859ல் சார்லஸ் டிரெவெலியன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கஜானா அதிகாரியாக இருந்து, நிவாரணத்தில் கை இறுக்கியவர் என்று இன்றுவரை ஐரிஷ்காரர்களால் திட்டப்படுபவர். கிளர்ச்சியை அடக்கிய செலவில் அரசு கடனில் இருந்தது. புகைப்படத் துறை ஆடம்பரம் என்று அவருக்குப் பட்டது, மூடச் சொல்லிவிட்டார். டிரைப் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பலிக்கவில்லை. 1860ல் பெங்களூரில் கடையைக் கட்டினார். வேடிக்கை என்னவென்றால், வருமான வரித் திட்டத்தை எதிர்த்த குற்றத்துக்காக டிரெவெலியனும் அதே 1860ல் திருப்பி அழைக்கப்பட்டார்.

மூடிய பிறகு டிரைப்புக்கு வயது முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு அவர் நாற்பத்திரண்டு ஆண்டு உயிரோடு இருந்தார். மறுபடி பர்மாவில் பணியாற்றியபோது சில படங்கள் எடுத்தார்; மற்றபடி கேமராப் பெட்டி மூடியதுதான். படையில் பதவி உயர்வுகள் ஒழுங்காக வந்தன. 1870களில் ஓய்வு பெற்று, மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பட்டத்தோடு பிறந்த ஊருக்கே போனார். சிப்பியும் பவளமும் சேகரித்தார். 1902 மார்ச் 2ஆம் தேதி டெவன்போர்ட்டில் காலமானார். எண்பது வருட வாழ்க்கையில் ஆறே ஆறு வருடம்தான் அவர் முழுமூச்சாகப் படம் எடுத்தது. அந்த ஆறு வருடத்தை மற்றவர்கள் மறந்தே போனார்கள். மதிப்பு திரும்பியது வெகு காலம் கழித்து. 2014ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், 2015ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும், பிறகு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் அவர் படங்களுக்கென்றே கண்காட்சி நடந்தது.

சுருளைக் கொண்டு வந்தவர் மூன்று வாரம் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மூன்று வாரமும் நூலகத்தில் ஹூல்ஷ் பதிப்பித்த தொகுதியையும், சோழர் கால எழுத்து அட்டவணை ஒன்றையும் வைத்துக்கொண்டு போராடினேன். அக்கல்வெட்டுகளில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. குறில் எது நெடில் எது என்று சில இடங்களில் இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அச்சில் வந்த வாசகத்தைப் படித்தபோது ஒன்று பிடிபட்டது. ராஜராஜன் தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கோயிலுக்குத் தந்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்கிறான். தமக்கை குந்தவையை அவன் குறிப்பிடும் சொல் அக்கன். தந்தவை என்பதற்கு அவன் சொல் குடுத்தன. தமிழ்ப்பள்ளி மூன்றாம் வகுப்பில் கட்டுரையில் குடுத்தான் என்று எழுதி, ஆசிரியை சிவப்பு மையில் கொடுத்தான் என்று திருத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆசிரியை செய்தது சரிதான். ஆனாலும் மாமன்னனே என் கட்சி என்று தெரிந்தபோது நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி முறைத்தாள்.

படத்துக்குத் திரும்பினால் எல்லாம் திறந்துகொண்டதா என்றால் இல்லை. ட தெரிந்தது. க தெரிந்தது. ப, ர, ல ஆகியவை கொஞ்ச நேரம் பார்த்தால் தெரிந்தன. கல்லில் உளி இறங்கிய ஆழம் தாளில் நிழலாக இருக்கிறது. அந்த நிழலைத்தான் நாம் எழுத்து என்று வாசிக்கிறோம். டிரைப் வெயில் சாயும் நேரம் பார்த்து எடுத்திராவிட்டால் அங்கே வெறும் கல்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது ஞாயிறு அவர் வந்தார். அண்ணன் நல்ல தேக்குச் சட்டம் போட்டிருந்தார். படத்தில் கண்ணாடி ஒட்டாமலிருக்க நடுவே அட்டை வைத்து இடைவெளி விட்டிருந்தார். நான் முந்திக்கொண்டு அவரிடம் ஐந்து எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைவிட ஆச்சரியப்பட்டார். அவர் சொந்த ஊர் தஞ்சைப் பக்கமாம். அவருக்கும் அதில் ஒரு வரியும் வாசிக்கத் தெரியாதாம். வீட்டில் மாட்டிவைத்தால் பிள்ளைகளாவது ஒரு நாள் கேட்பார்கள் என்றுதான் வாங்கினாராம். அன்று நான் காட்டிய ட எது என்று மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

தாத்தா படத்தைப் பற்றிப் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்தக் கோட்டு ஸ்டூடியோவுக்குச் சொந்தம், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அதே கோட்டுதான், தாத்தாவுக்குத் தோளில் பெரிதாக இருந்தது என்றார். பின்பக்கம் துணி ஊசி குத்தி இறுக்கினார்களாம். வண்ணத்தில் மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, உங்கள் தாத்தா நீலம் போட்டு நான் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டார். மாமாவுக்கு வண்ணப்படம் ஒன்று தனியாக அடித்துக் கொடுத்தாயிற்று. அவரும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார். அசல் படத்தை மடிப்போடும் பென்சில் கோட்டோடும் அப்படியே, சின்ன அளவிலேயே, அட்டை வைத்துச் சட்டம் போட்டோம். அண்ணன் கூலி வாங்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது உடுப்புகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனேன். பாட்டி அதை வாங்கி, சன்னல் பக்கம் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பார்த்தார். அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.